குலு நகரின் தபித்தாக்கள்



யோப்பா நகரில் வாழ்ந்த தபித்தா என்னும் பெண் சீடரைத் திருத்தூதர் பணிகள் நூலில் (9:36-42) சந்திக்கிறோம். அவர் இறந்தபோது, பேதுருவைச் சூழ்ந்து நின்ற கைம்பெண்கள் அழுதுகொண்டே, தபித்தா தங்களுக்குச் செய்து தந்த உடைகளைக் காட்டினார்கள். பேதுரு செபித்தார், அவருக்கு உயிர் வந்தது. பேதுரு இங்கு இரண்டு செயல்களைச் செய்கிறார். முதலில் கைகொடுத்து அவரை எழச் செய்கிறார். பின்னர் இறைமக்களையும் கைம்பெண்களையும் அழைத்து, உயிரோடு அவரை அவர்கள் முன் நிறுத்துகிறார். எழுந்த பெண்ணை ஏற்றுக்கொள்ளச் சமூகமும் வேண்டும் அல்லவா!

இந்த இரண்டு செயல்களும் நம் காலத்தில் நிகழ்ந்த இடம் ஒன்று உண்டு. அது ஆப்பிரிக்காவில், உகாண்டா நாட்டின் வடபகுதியில் உள்ள குலு நகரம்.

1980களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஜோசப் கோனி தலைமையிலான 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை' அப்பகுதியின் கிராமங்களைச் சூறையாடியது. கடத்தப்பட்ட சிறுவர்கள் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்டார்கள். சிறுமியர் பலர் படைத்தலைவர்களுக்கு 'மனைவியராக'க் கொடுக்கப்பட்டார்கள். 1996 அக்டோபரில் அபோகே என்னும் ஊரின் புனித மரியா பள்ளியிலிருந்து 139 மாணவியர் கடத்தப்பட்டனர். கொம்போனி சபை அருள்சகோதரி ரக்கேலே, ஆசிரியர் ஒருவரோடு காட்டுக்குள் பின்தொடர்ந்து சென்று மன்றாடி, 109 பேரை மீட்டு வந்தார். 30 பேரை அவர்கள் விடவில்லை.

கடத்தப்பட்டவர்களில் பலர் பின்னாளில் தப்பி வந்தார்கள். ஆனால் அவர்களின் பள்ளி வயது கடந்திருந்தது. மடியில் குழந்தை இருந்தது. அந்தக் குழந்தையின் தகப்பன் யார் என்று ஊருக்குத் தெரியும். ஆகவே காட்டிலிருந்து தப்பியவர்களுக்குச் சொந்த வீட்டின் கதவு பல வேளைகளில் திறக்கவில்லை.

இந்நிலையில், குலுவில் உள்ள புனித மோனிக்கா தையல் பள்ளியின் பொறுப்பை, 2000களின் தொடக்கத்தில் இயேசுவின் திரு இருதய சபையைச் சேர்ந்த அருள்சகோதரி ரோஸ்மேரி நியிரும்பே ஏற்றார். 2002இல் உள்ளூர் வானொலி வழியாக அவர் ஓர் அழைப்பு விடுத்தார். கடத்தப்பட்டவர்கள், கருவுற்றவர்கள், கைவிடப்பட்டவர்கள் என எவரும் வரலாம், குழந்தையோடும் வரலாம் என்பதே அந்த அழைப்பு. பெண்கள் வந்தார்கள்.

இழந்த ஆண்டுகளின் பாடங்களை முதலிலிருந்து படித்து முடிக்க அவர்களுக்குக் காலம் இல்லை. குழந்தைக்கு இன்றே உணவு வேண்டும். எனவே தையல், சமையல் என விரைவில் வருவாய் தரும் தொழில்கள் கற்றுத்தரப்பட்டன. தாய் வகுப்பில் அமரும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. தூக்கியெறியப்பட்ட குளிர்பானக் குவளைகளின் திறப்பு வளையங்களைக் கோத்து, அழகிய கைப்பைகள் செய்து விற்றார்கள். வீசியெறியப்பட்ட பொருளுக்கு மதிப்புத் தந்த அந்தக் கைகள், தங்களுக்கும் மதிப்பு உண்டு என்பதை உணர்ந்தன. 2,000க்கும் மேற்பட்ட பெண்கள் இப்பள்ளியால் பயனடைந்துள்ளனர்.

மனிதர் உழைப்பினால் பொருளை மட்டும் உருவாக்குவதில்லை, தம்மையே நிறைவுள்ள மனிதராக்கிக்கொள்கின்றனர் என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் தொழில் பற்றிய தம் சுற்றுமடலில் கற்பித்தார். குலுவில் நாம் காண்பது இதுவே. தையல் இயந்திரம் அப்பெண்களுக்குக் கிடைத்த பேதுருவின் கை. சொந்த வருவாயில் பிள்ளையை வளர்க்கும் தாயாக ஊரார் முன் அவர்கள் நின்றபோது, பேதுருவின் இரண்டாம் செயலும் தொடங்கியது. பள்ளியின் பாதுகாவலியான புனித மோனிக்காவும் பிள்ளைக்காகக் கண்ணீர் வடித்த ஓர் ஆப்பிரிக்கத் தாய்தான்.

நம் பங்குகளிலும் கணவனால் கைவிடப்பட்டவர்கள், ஏமாற்றப்பட்டுத் தாயானவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்மசுக்கு அரிசியும் சேலையும் தருகிறோம், நல்லதுதான். ஆனால் அவர்கள் ஒரு தொழில் கற்க நாம் உதவியிருக்கிறோமா? ஞாயிறு திருப்பலியில் அவர்கள் அருகில் தயங்காமல் அமர்கிறோமா? கைகொடுப்பதோடு நாம் நின்றுவிட்டால், பேதுரு செய்ததில் பாதியைத்தான் செய்திருக்கிறோம்.

தபித்தாவை எழச் செய்த ஆண்டவர், கதவைத் திறக்கும் மனத்தை நமக்கும் தருவாராக!