விரைவுக் காரும் வில்லமைப்பும்

கட்டைவண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேற்றுமை தமிழர் யாவரும் அறிந்ததே. இருசின்மேல் பாரம் நேரே அமர்வது கட்டைவண்டி. இருசுக்கும் பாரத்துக்கும் இடையே எஃகு வில் நின்று, தெருவின் மேடுபள்ளங்களைத் தான் ஏற்றுக்கொள்வது வில்வண்டி. இக்காலத்து மோட்டார் கார்கள் யாவும் வில்வண்டியின் இனத்தைச் சேர்ந்தனவே. ஆங்கிலத்தில் சஸ்பென்ஷன் என வழங்கும் உறுப்புத் தொகுதியை இக்கட்டுரையில் வில்லமைப்பு என்றே குறிப்போம். ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் விரைவுக் காரை உடையார் ஒருவர் அதன் வில்லமைப்பை மேலும் திறமுடையதாக்க விரும்பின், அன்றாடப் போக்குவரத்தின் இனிமை கெடாதவாறு அதனைச் செய்யும் வழி யாது என்பதே யாம் ஈண்டு விளக்கப் புகுந்த பொருள்.

இஃது ஆடம்பரப் பொருள்பற்றிய ஆராய்ச்சியன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று என்போம். விரைவுக் கார் வைத்திருப்போருள் பலர்க்கு வேறு கார் இல்லை. விடுமுறை நாளில் மலைப்பாதையின் வளைவுகளில் இன்பமுற ஓட்டும் அதே காரில்தான் அவர் வாரம் முழுதும் அலுவலகம் செல்ல வேண்டும். முதியோரையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்ல வேண்டும். ஆய்ந்து பாராது செய்த மாற்றத்தால் முதுகு நோகும். உடன் வருவோர் ஏற மறுப்பர். அதனினும் கொடியது ஒன்றுண்டு. அளவிறந்து கடினமாக்கப்பட்ட கார் மேடுபள்ளமான சாலையில் தரைப்பிடிப்பை இழந்து, வளைவில் ஓட்டுவோன் கையை விட்டு நழுவும். ஆகவே பணம் மட்டுமன்று, உடல்நலமும் உயிரும் இதனுள் அடங்கியுள்ளன.

பொருளைத் தெளிவுறுத்தற்கு ஒரு காரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஜப்பான் நாட்டு மாஸ்டா நிறுவனத்தார் 1989-ஆம் ஆண்டு சிக்காகோ நகரக் கண்காட்சியில் எம்.எக்ஸ்-5 என்னும் இருவர் அமரும் திறந்த காரை வெளியிட்டனர். அமெரிக்காவில் மியாட்டா என்றும், தன் நாட்டில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்றும் அது பெயர் பெற்றது. எடை ஏறத்தாழ 950 கிலோகிராம்; முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே உள்ள நீளம் 2,265 மில்லிமீட்டர். நான்கு சக்கரங்களும் தனித்தனியே, மேலும் கீழுமாக இரண்டு கைகளால் தாங்கப்படுகின்றன. குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் ஆதல் என்று பொருள்படும் ஜப்பானியத் தொடர் ஒன்றையே அதனை ஆக்கியோர் குறிக்கோளாகக் கொண்டனர். 2016-ஆம் ஆண்டில் இக்காரின் ஆக்கம் பத்து இலட்சத்தைக் கடந்தது. பழைய எம்.எக்ஸ்-5 கார்களைத் திருத்தியமைப்போர் பல நாடுகளிலும் உளர். அவர்தம் பட்டறைகளில் நிகழும் நன்மை தீமைகள் எல்லா விரைவுக் கார்களுக்கும் பொருந்துவன.

வில்லமைப்பின் தொழில் இரண்டு. டயரைத் தரையை விட்டு எழாதபடி வைத்தல் ஒன்று. காரின் உடலை அமைதியாக வைத்தல் மற்றொன்று. இவ்விரண்டும் தம்முள் பகையெனப் பலர் எண்ணுகின்றனர். கடினமான வில் வளைவில் காரைச் சாயவொட்டாது தடுக்கும் என்பது மெய். ஆயினும் சாலை கண்ணாடிபோல் இருந்தாலன்றி, கடினமான வில்லின்மேல் நிற்கும் டயர் சிறு மேட்டைக் கண்டவுடன் துள்ளும். துள்ளிய டயர்க்குப் பிடிப்பு ஏது? சாதாரணச் சாலையில், மென்மை ஓரளவு வேகத்துக்கும் துணையேயன்றிப் பகையன்று.

மென்மையை அளந்தறிய ஓர் எளிய கணக்கு உண்டு. வில்லின்மேல் நிற்கும் கார் ஒருமுறை அழுத்தி விடப்பட்டால் நொடிக்கு இத்தனை முறை என ஏறியிறங்கும். காரின் பாரத்தால் அவ்வில் 25 சென்டிமீட்டர் அமிழுமாயின், நொடிக்கு ஒரு முறை ஆடும். 11 சென்டிமீட்டர் அமிழுமாயின் ஒன்றரை முறை. 6 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட அமிழுமாயின் இரண்டு முறை. பயணத்துக்கென அமைந்த கார்கள் பெரும்பாலும் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிற்பன. காற்றின் விசையால் தரையோடு அழுத்தப்படும் பந்தயக் கார்கள் மூன்றையும் கடப்பன. மனிதன் நடக்கும்போது அவன் உடல் நொடிக்கு இரண்டு முறை அளவில் ஏறியிறங்குதலின், அதற்குட்பட்ட ஆட்டம் நமக்குப் பழகியது. நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை நிகழும் அதிர்வே அமர்ந்திருப்பானை மிக வருத்துவது. ஆதலின் தினமும் ஓட்டும் விரைவுக் காரின் ஆட்டத்தை ஒன்றரையை ஒட்டி நிறுத்தி, இரண்டைத் தாண்டவிடாமை நலம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடைக்காரர் விலைப்பட்டியலில் காணும் வில்லின் வன்மையும் சக்கரம் உணரும் வன்மையும் ஒன்றல்ல. வில், கையின் நுனியில் இராது இடையில் நிற்பதால், சக்கரம் 10 மில்லிமீட்டர் எழும்போது வில் 7 மில்லிமீட்டரே சுருங்கும் எனக் கொள்வோம். அப்போது சக்கரம் உணரும் வன்மை 0.7-ஐ 0.7-ஆல் பெருக்கிய 0.49 பங்கு, அதாவது பாதியளவே. இவ்விகிதம் காருக்குக் கார் வேறுபடும். ஒரு காருக்கு இசைந்த எண்ணை மற்றொரு காருக்குக் கடன் வாங்குவோர் ஏமாறுதல் இதனாலேயே.

வில் மட்டும் இருப்பின் கார் ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டேயிருக்கும். அவ்வாட்டத்தை அடக்குவது ஷாக் அப்ஸார்பர் எனப்படும் அதிர்வடக்கி. குழாயினுள் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கி அழிப்பது அதன் வேலை. வில்லின் வன்மையை இரட்டிப்பாக்கினால், ஆட்டத்தின் விரைவு 1.41 மடங்காகும், அதே அளவு அடக்கம் பெற அதிர்வடக்கியும் 1.41 மடங்கு வலிமை பெறல் வேண்டும். பழைய அதிர்வடக்கிகளை அப்படியே வைத்துக்கொண்டு, காரைத் தாழ்த்தும் புதிய வில்களை மட்டும் பூட்டுவோர் பலர். செலவு குறைவென்பது அவர் எண்ணம். விளைவோ, கடினமும் அடங்காத துள்ளலும் ஒருங்கே வந்து சேர்வதாம். இதற்கு மாறாக, காருடன் வந்த வில்களையே வைத்து, கோனி, பில்ஸ்டைன் போன்ற நிறுவனத்தார் செய்யும் நல்ல அதிர்வடக்கிகளை மட்டும் மாற்றுவோர், மென்மை பெரிதும் குறையாமலே காரின் நடை ஒழுங்குபடுதலைக் காண்பர். ஒன்றை மட்டுமே மாற்றப் பொருளுடையார்க்கு யாம் கூறுவது இதுவே.

அடுத்து ஆராய வேண்டுவது சக்கரம் மேலெழும் வழி. சக்கரம் எவ்வளவு தூரம் மேலே எழலாம் என்பதற்கு எல்லையாக ரப்பர் முட்டு ஒன்று உள்ளது. பட்டறையில் அதனைப் பம்ப் ஸ்டாப் என்பர். சிறு கார்களில் இவ்வழி இயல்பாகவே குறுகியது. அழகுக்காகக் காரை 4 சென்டிமீட்டர் தாழ்த்தினால், அவ்வழியில் 4 சென்டிமீட்டர் அப்போதே தொலைந்தது. பின்னர் ஒவ்வொரு பள்ளத்திலும் கார் முட்டின்மேல் சென்று மோதும். அம்மோதலை ஓட்டுவோர், வில் கடினம் எனத் தவறாக உணர்வதும் உண்டு. வளைவின் நடுவே இது நிகழுமாயின் இடர் பெரிது. வெளிப்புறச் சக்கரத்தின் வில்வன்மை நொடியில் பன்மடங்காகி, அந்த டயர் தாங்கொணாப் பாரத்தால் வழுக்கிவிடும். ஆதலின் தாழ்த்துவதாயின் ஓரிரு சென்டிமீட்டரோடு நிற்க வேண்டும். குட்டையான, மென்மையாகத் தொடங்கிப் படிப்படியாக இறுகும் முட்டுகளையும் உடன் பூட்டவேண்டும்.

வளைவில் சாயாமையே வேண்டுவார்க்கு வேறொரு கருவி உண்டு. இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் குறுக்கே இணைக்கும் முறுக்குக் கம்பி அது. ஆன்ட்டி ரோல் பார் எனப் பெயர் பெறும். இரு சக்கரங்களும் ஒருங்கே எழும்போது இக்கம்பி வாளாவிருக்கும். ஒன்று எழ மற்றொன்று தாழும்போதே எதிர்க்கும். ஆகவே வேகத்தடை போன்ற முழுமேட்டில் இதனால் கடினம் மிகுவதில்லை. கம்பியின் வன்மை விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 20 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதில் 22 மில்லிமீட்டர் கம்பி இட்டால், வன்மை 46 விழுக்காடு கூடும். இரண்டு மில்லிமீட்டர்தானே என்று இகழ்தல் கூடாது. மிகத் தடித்த கம்பியோ, ஒரு சக்கரம் பள்ளத்தில் விழும்போது மற்றதையும் இழுத்து, காரை இடவலமாகத் தலையாட்டச் செய்யும். நடுத்தர வில்லும் சற்றே தடித்த கம்பியும் சேர்ந்த சேர்க்கையே அன்றாட ஓட்டத்துக்கு ஏற்றது.

முன்வில்லுக்கும் பின்வில்லுக்கும் உள்ள உறவும் மறக்கற்பாலதன்று. எம்.எக்ஸ்-5 கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது, முன்சக்கரம் ஏறிய மேட்டின்மேல் பின்சக்கரம் பத்தில் ஒரு நொடி கழித்து ஏறும். இரண்டும் ஒரே விரைவில் ஆடினால், முன் இறங்கப் பின் ஏறிக் கார் குதிரைபோல் பாயும். பின்புறம் சற்று விரைந்து ஆடுமாறு அமைத்தால், பிந்தித் தொடங்கினும் முன்புறத்தை எட்டிப்பிடித்து, உடல் முழுதும் ஒருங்கே ஏறியிறங்கும். இவ்வுண்மையை 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய மாரிஸ் ஆலி என்னும் பொறியியலார் சோதனைகளால் நிலைநாட்டினார். முன்வில்லை மட்டும் மிகக் கடினமாக்குவோர் அவர் கண்ட நன்மையை அழிப்பவர் ஆவர்.

டயரும் ஒரு வில்லே. 1989-ஆம் ஆண்டின் எம்.எக்ஸ்-5 காரில் 14 அங்குல வட்டும், 185/60 அளவுள்ள டயரும் இருந்தன. அந்த டயரின் பக்கச்சுவர் 111 மில்லிமீட்டர் உயரம். தோற்றப் பொலிவுக்காக 17 அங்குல வட்டும் 205/40 டயரும் பூட்டினால், அவ்வுயரம் 82 ஆகக் குறையும். சக்கரத்தின் எடையும் பெரும்பாலும் கூடும். 15 அங்குல வட்டில் 195/50 டயர் இட்டாலோ, உயரம் 97.5, வட்டும் டயரும் சேர்ந்த மொத்த விட்டமும் பழைய அளவை ஒட்டியே நிற்கும். வில்லின்மேல் தாங்கப்படாத சக்கரத்தின் எடை குறையக் குறைய, அது மேட்டில் ஏறிய வேகத்திலேயே இறங்கித் தரையைப் பற்றும். எனவே பெரிய வட்டினும் இலேசான வட்டே சிறந்தது.

இனி, செய்முறையின் ஒழுங்கைத் தொகுத்துரைப்போம். முதலாவது, புதியது பூட்டுமுன் பழையதைச் சீராக்குக. முப்பது ஆண்டு கடந்த காரில் கைகளின் மூட்டுகளில் உள்ள ரப்பர் புஷ்கள் வெடித்து இளகியிருக்கும். அவற்றைப் புதுப்பித்த அளவிலேயே பலர் கார் புத்துயிர் பெறும். பாலியூரித்தேன் புஷ்கள் கூர்மை தருவன. ஆயினும் இரைச்சலையும் அதிர்வையும் உள்ளே விடுவன. அன்றாடக் காருக்கு ரப்பரே போதும். இரண்டாவது, நல்ல டயரும், முறையான காற்றழுத்தமும், வீல் அலைன்மென்ட்டும். மூன்றாவது அதிர்வடக்கி. நான்காவது முறுக்குக் கம்பி. வில்லை மாற்றுதல் இவற்றின்பின், அதுவும் தேவையாயின் மட்டுமே. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, நாள்தோறும் செல்லும் அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டி, கண்டதைக் குறித்து வைத்தல் வேண்டும். நான்கையும் ஒருநாளில் மாற்றியவர்க்கு நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது எனப் பிரித்தறிதல் இயலாது.

இங்கிலாந்தில் காலின் சாப்மன் அமைத்த லோட்டஸ் நிறுவனம் 1962-ஆம் ஆண்டு ஈலான் என்னும் காரை வெளியிட்டது. இலேசான உடல், மென்மையான வில், நன்கு அடக்கும் அதிர்வடக்கி என்னும் மூன்றும் அதில் இணைந்திருந்தன. அக்காலத்துக் கார்களுள் வளைவில் அதனை வென்றவை மிகச் சிலவே, எம்.எக்ஸ்-5 காரை ஆக்கியோரும் அதனை நன்கு அறிந்திருந்தனர். ஆகவே மென்மையும் திறமும் கூடி வாழும் என்பது வெறும் ஆசையன்று, செய்து காட்டப்பட்டது. கார் எவ்வளவு கடினமாயிற்று என்று கேளாமல், சக்கரம் எவ்வளவு நேரம் தரையில் நின்றது என்று கேட்பாராயின், அதனை உடையார் வழி தவறார்.