இடர்நேர்வு: கணிப்பும் வர்க்கச் சார்பும்

எதிர்காலத்தில் நேரக்கூடிய இழப்பினை மக்கள் நெடுங்காலமாக விதி, தலையெழுத்து, கிரகபலன் முதலிய சொற்களால் விளக்கி வந்துள்ளனர். அவ்விழப்பினை எண்ணிக் கணிக்கலாம், அதற்கு விலை குறிக்கலாம், ஒருவர் தலையிலிருந்து மற்றொருவர் தலைக்கு மாற்றலாம் என்ற எண்ணம் வணிக முதலாளித்துவத்தின் வளர்ச்சியோடு வலுப்பெற்றதாகும். 1654 இல் பஸ்கால், பெர்மா ஆகிய இரு பிரெஞ்சுக் கணித அறிஞர்கள், இடையில் நின்றுபோன சூதாட்டமொன்றின் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்பது பற்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர். 1693 இல் எட்மண்ட் ஹலி, பிரெஸ்லோ நகரத்தின் பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஆயுள் அட்டவணையொன்றினை வெளியிட்டார். அதே காலப்பகுதியில் இலண்டனில் எட்வேட் லொயிட்டின் கோப்பிக் கடையிலே கப்பற் காப்புறுதி வணிகம் உருக்கொண்டது. சூதாட்ட மேசை, கப்பற்றுறை, ஆண்டுப்பண வணிகம் என்பனவே நிகழ்தகவுச் சிந்தனை வளர்ந்த களங்களாம்.

ஆபத்து என்பது தீங்கு விளைவிக்கக்கூடிய பொருள் அல்லது நிலைமை. இடர்நேர்வு என்பது அத்தீங்கு நேர்வதற்கான வாய்ப்பினையும் நேர்ந்தால் ஏற்படும் இழப்பினையும் சேர்த்து நோக்குவது. இது குறித்து இரு தவறான போக்குகளை நாம் காண்கிறோம். இடர்நேர்வினைத் தனிமனிதனின் அறிவு, துணிவு ஆகியவற்றோடு மட்டும் தொடர்புபடுத்துவது ஒன்று. எண்கள் யாவும் ஆளும் வர்க்கத்தின் கண்கட்டு வித்தை எனக் கூறி, அவற்றைக் கற்கவே மறுப்பது மற்றொன்று. பின்னைய போக்கு முற்போக்காளர் சிலரிடத்தும் காணப்படுகின்றது. எண்களை வாசிக்கத் தெரியாதவர்கள் அவற்றின் வர்க்கச் சார்பினை வெளிப்படுத்தவும் இயலாதவராவர். எனவே இடர்நேர்வு எவ்வாறு எண்ணப்படுகிறது, அதில் எது எண்ணப்படாது விடப்படுகிறது, அதனை யார் சுமக்கின்றனர் என்னும் மூன்று வினாக்களை நாம் ஒருங்கே எழுப்புதல் வேண்டும்.

முதலாவது வினாவுக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஓர் உதாரணத்தைக் காட்டலாம். 1995 ஒக்டோபரில் பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழு, புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் சில இரத்தக்கட்டு நோயின் வாய்ப்பினை இரட்டிப்பாக்குவதாக எச்சரித்தது. நூறு சதவீத அதிகரிப்பு என்ற செய்தி பெண்களைக் கலங்கச் செய்தது. பலர் மாத்திரையைக் கைவிட்டனர். உண்மையில் ஏழாயிரம் பெண்களுள் ஏறத்தாழ ஒருவருக்கு நேர்ந்த அந்நோய் இருவருக்கு நேரும் என்பதே அதன் பொருள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறக்குறைய 13,000 கருக்கலைப்புகள் மேலதிகமாக நிகழ்ந்தன என மதிப்பிடப்பட்டது. கர்ப்பகாலமோ அம்மாத்திரையை விட அதிகமான இரத்தக்கட்டு வாய்ப்பினை உடையது! இரட்டிப்பு என்ற ஒப்பீட்டு அளவும், ஏழாயிரத்தில் ஒருவர் என்ற முழு அளவும் ஒரே உண்மையின் இரு வடிவங்களாயினும், அவை தோற்றுவிக்கும் உணர்வுகள் வேறு. 'எத்தனை பேருள் எத்தனை பேர்?' என்று கேட்கும் பழக்கம் பாமரருக்கும் எட்டக்கூடிய எளிய ஆயுதமாகும்.

கடன் விடயத்திலும் இதுவே நிகழ்கின்றது. 1,20,000 ரூபா கடன் பெறும் பெண்ணொருவருக்கு ஆண்டு வட்டி 20 சதவீதம் எனக் கூறப்படுகிறது எனக் கொள்வோம். 24,000 ரூபா வட்டியைச் சேர்த்து, மாதந்தோறும் 12,000 ரூபாவாகப் பன்னிரண்டு மாதங்களில் அவர் செலுத்தி முடிக்கின்றார். ஆனால் முழுத் தொகையும் அவர் கையில் இருந்தது முதல் மாதம் மட்டுமே. ஒவ்வொரு தவணையோடும் முதல் குறைந்து செல்ல, வட்டி மட்டும் தொடக்கத் தொகைக்கே அறவிடப்படுகின்றது. எஞ்சிய முதலுக்கு மட்டும் வட்டி என்ற முறையிற் கணித்தால் அவர் செலுத்துவது ஆண்டுக்கு ஏறத்தாழ 35 சதவீதமாகும். இலங்கையில் 2009 இல் யுத்தம் முடிவுற்றதன் பின் வடக்கு கிழக்கில் பரவிய நுண்கடன், வறிய குடும்பப் பெண்களைப் பெருஞ்சுமைக்கு உள்ளாக்கியது. 2018 இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசு கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தமை அச்சுமையின் அளவினை உணர்த்தும். மழை பொய்த்த இடர்நேர்வினைத் தவணை அட்டவணை ஏற்கவில்லை. கடன் பெற்றவரே முழுவதையும் சுமந்தார்.

இரண்டாவது வினா எண்ணப்படாதவை பற்றியது. அமெரிக்கப் பொருளியலாளர் பிராங் நைட் 1921 இல் வெளியிட்ட தமது நூலில், அளவிடத்தக்க இடர்நேர்வினையும் அளவிட இயலாத நிச்சயமின்மையையும் வேறுபடுத்தினார். அவர் முதலாளித்துவப் பொருளியல் மரபினரே எனினும் இவ்வேறுபாடு எமக்குப் பெரிதும் பயன்படுவதாகும். 2008 நெருக்கடிக்கு முன்னர், ஐக்கிய அமெரிக்காவின் வீட்டுக் கடன்களைப் பொதிகளாக்கி விற்ற பத்திரங்களுள் பெரும்பகுதி அதியுயர் தரம் பெற்றது. நாடெங்கும் வீட்டு விலைகள் ஒருங்கே வீழ்வது மிக அரிது என்ற எடுகோளின் மீதே அத்தரம் நின்றது. எடுகோள் பொய்த்தது. 2008 செப்டெம்பர் 15 இல் லீமன் பிரதர்ஸ் வங்குரோத்து நிலையை அறிவித்தது. மறுநாளே ஏ.ஐ.ஜி. காப்புறுதிக் கம்பனிக்கு மத்திய வங்கி 8,500 கோடி டொலர் கடன் வழங்க முன்வந்தது. இலாபம் தனியாருக்குரியதாகவும் இழப்பு சமூகத்துக்குரியதாகவும் ஆயிற்று. நிச்சயமின்மைக்கு எண்ணின் வேடம் புனைந்தமையே இதனைச் சாத்தியமாக்கிற்று எனலாம்.

இதற்கு மாறாக, எண்ணறியாத விவசாயியின் தீர்மானங்கள் பழைமைவாதம் என்று இகழப்படுவதுண்டு. கூடிய விளைச்சல் தரும் புதிய விதையை ஏற்கத் தயங்குபவர் அறியாமையில் உழல்பவர் எனப்படுகின்றார். யேம்ஸ் ஸ்கொட் 1976 இல் வெளியிட்ட தென்கிழக்காசிய விவசாயிகள் பற்றிய ஆய்வு இதனை மறுதலிக்கின்றது. பிழைப்பின் விளிம்பில் நிற்பவருக்குச் சராசரி விளைச்சல் பயனற்ற அளவுகோல். ஒரே ஒரு போகம் பொய்த்தாலும் பட்டினியும் நில இழப்பும் நேரும். ஆகவே இலாபத்தைப் பெருக்குவதிலும் அழிவினைத் தவிர்ப்பதே அவருக்கு முதன்மையானது. கழுத்தளவு நீரில் நிற்பவருக்குச் சிற்றலையும் மரணமே. ஒரே இடர்நேர்வு, சேமிப்புள்ளவனுக்கு ஒரு பொருளையும் இல்லாதவனுக்கு வேறொரு பொருளையும் தருகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

மூன்றாவது வினாவே அடிப்படையானது. 1781 இல் சொங் என்னும் அடிமைக் கப்பலில் நீர் போதாது எனக் கூறி, 130 க்கு மேற்பட்ட ஆபிரிக்கர்கள் உயிரோடு கடலில் எறியப்பட்டனர். கப்பலின் உரிமையாளர் அவர்களைச் சரக்கிழப்பாகக் கொண்டு காப்புறுதிப் பணம் கோரினர். 1783 இல் அவ்வழக்கு விசாரிக்கப்பட்டது கொலை வழக்காக அன்று, காப்புறுதி வழக்காகவே! யாருடைய இழப்பு கணக்கிற் சேரும் என்பதைச் சொத்துரிமை தீர்மானித்தது.

இரு நூற்றாண்டுகளின் பின்னரும் இவ்வினா மறையவில்லை. 2013 ஏப்பிரல் 23 இல் வங்காளதேசத் தலைநகர் டாக்காவுக்கு அண்மையிலுள்ள ராணா பிளாசா கட்டடத்தில் வெடிப்புகள் காணப்பட்டன. கீழ்த்தளங்களிலிருந்த கடைகளும் வங்கிக் கிளையும் மூடப்பட்டன. மறுநாள் ஆடைத் தொழிலாளர் மட்டும் வேலைக்கு அழைக்கப்பட்டனர். சம்பளம் இழக்கப்படும் என்ற அச்சுறுத்தல் அவர்களை உள்ளே செலுத்தியது. கட்டடம் சரிந்து 1,100 க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்கு இடர்நேர்வு தெரியாமலில்லை. வெடிப்பினை அவர்கள் கண்ணாற் கண்டிருந்தனர். அறிவு இருந்தது, மறுக்கும் அதிகாரம் இருக்கவில்லை. இடர்நேர்வு பற்றிய கல்வி ஒன்றே போதும் என்போர் பதிலிறுக்க வேண்டியது இவ்வுண்மைக்கேயாகும்.

அவ்வாண்டு மே மாதத்தில் தொழிற்சங்கங்களுக்கும் உலக ஆடைக் கம்பனிகளுக்கும் இடையே கைச்சாத்தான தீ, கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை, சட்டவலுவுள்ள கட்டடப் பரிசோதனையையும் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையையும் சேர்த்தே வலியுறுத்தியமை இங்கு கருதத்தக்கது. பரிசோதகரின் அளவீடு இன்றேல் உரிமை கண்ணற்றது. உரிமை இன்றேல் அளவீடு கையற்றது. கணிப்பினை மக்களின் பொது அறிவாக்குவதும், இழப்பினைச் சுமப்போர் அது குறித்துத் தீர்மானிப்போராக மாறுவதும் ஒரே போராட்டத்தின் இரு கூறுகளாகும்.