முதலாளி காது கொடுத்தால்தான் பெர்சனல் ஆபீசர்

லீவு, சம்பளப் பிடித்தம், பிராவிடண்ட் பண்டு கடன் என்று எதுவானாலும் ஆலைத் தொழிலாளி முதலில் போய் நிற்கும் இடம் பெர்சனல் ஆபீஸ் வாசல்தான். இப்போது அதற்கு எச்.ஆர். என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் புதிது, வாசல் பழையது. அங்கே உட்கார்ந்திருப்பவர் நல்ல மனிதராக இருந்தால் மட்டும் போதாது. அவருடைய சொல் முதலாளியிடம் எடுபட வேண்டும். இல்லையென்றால், "மேலே எழுதியிருக்கிறேன், பார்ப்போம்" என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல இயலாது.

இந்த உத்தியோகம் ஏற்படுவதற்கு முன் ஆலைகளில் ஆள் எடுத்தவர்கள் யார்? பம்பாய் பஞ்சாலைகளில் ஜாபர், கல்கத்தா சணல் ஆலைகளில் சர்தார், நம்மவர் பாஷையில் மேஸ்திரி. வேலை கிடைக்கவும் அவருக்குக் காசு, வேலை போகாமலிருக்கவும் அவருக்குக் காசு. முதலாளிக்குத் தொழிலாளியின் முகம்கூடத் தெரியாது.

விட்லி என்பவர் தலைமையில் அமைந்த ராயல் தொழிலாளர் கமிஷன் 1931-ல் தனது அறிக்கையை வெளியிட்டது. நமது வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் அதில் ஓர் அங்கத்தினர். ஆள் எடுக்கும் வேலையை ஜாபரிடமிருந்து பிடுங்கி லேபர் ஆபீசரிடம் கொடுக்க வேண்டும் என்று கமிஷன் சிபாரிசு செய்தது. அதோடு நிற்கவில்லை. அந்த ஆபீசர் ஆலையின் ஜெனரல் மானேஜர் ஒருவருக்கு மட்டுமே கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும் என்றும், அவர் சொல்வதைக் கேட்காமல் மானேஜரே ஆனாலும் யாரையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்றும் சொல்லிற்று. முதலாளிக்கும் இந்த அதிகாரிக்கும் இருக்க வேண்டிய உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம்.

டாடாநகர் கண்ட பாடம்

டாடாநகர் ஸ்டேஷனில் இறங்கி ஜாம்ஷெட்பூருக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் உண்டு. அங்குள்ள இரும்பாலையில் 8 மணி நேர வேலை 1912-லும், சம்பளத்தோடு லீவு 1920-லும் வந்துவிட்டன. சட்டம் பிற்பாடுதான் வந்தது. இவ்வளவு செய்தும் 1928-ல் மாதக்கணக்கில் வேலை நின்றது. சுபாஷ் சந்திர போஸ் வந்து சமரசம் பேச வேண்டியதாயிற்று. சலுகை கொடுத்தால் போதும், குறையைக் கேட்க ஆள் வேண்டாம் என்று இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

1943-ல் ஜே.ஆர்.டி. டாடா தமது டைரக்டர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினார். இத்தனை ஆயிரம் இயந்திரங்கள் இருந்தால் அவற்றைக் கவனிக்கத் தனி இலாகா வைத்திருப்போமே, மனமும் உயிரும் உள்ள மனிதர்களை மட்டும் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோமே என்பது அதன் சாரம். 1947-ல் பெர்சனல் இலாகா ஏற்பட்டது. 1956-ல் தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலாகா மட்டத்திலிருந்து மேல்மட்டம் வரை மூன்று அடுக்குகளில் கூட்டுக் கமிட்டிகள் வந்தன. இங்கே கவனிக்க வேண்டியது, முதலாளி தாமாகவே அந்த இலாகா வேண்டும் என்று கேட்டார் என்பதுதான். சட்டத்துக்குப் பயந்து ஆபீசரை நியமிப்பவர்கள் அவரை மூலையில் உட்கார்த்தி ரிஜிஸ்தர் எழுத வைப்பதே வழக்கம்.

சட்டமும் வரத்தான் செய்தது. 500 தொழிலாளர் இருந்தால் ஒரு நல அதிகாரி வேண்டும் என்றது 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. நல அதிகாரி நிர்வாகத்தின் சார்பில் தொழிலாளிக்கு எதிராகக் கோர்ட்டில் நிற்கக் கூடாது என்றுகூடச் சில மாநிலங்கள் விதி செய்திருந்தன. ஆனால் சம்பளம் கொடுப்பவர் முதலாளி! அவர் முகம் கோணும்படியான செய்தியை அவரிடமே போய்ச் சொல்வதற்கு எந்த விதியும் தைரியம் கொடுத்துவிடாது. "இந்த உத்தரவைப் போட்டால் நாளை ஷிப்டுக்கு ஆள் வரமாட்டார்கள்" என்று ஆபீசர் சொல்லும்போது, "உட்காருங்கள், ஏன்?" என்று கேட்கும் முதலாளி வேண்டும்.

ஜாம்ஷெட்பூரில் அப்படி ஒருவர் பேச முடிந்தது. ருஸி மோடி 1953-ல் பெர்சனல் டைரக்டர் ஆனார். தொழிலாளர்களோடு நெருங்கிப் பழகியவர் என்று பெயர் வாங்கிய அவர், 1984-ல் ஜே.ஆர்.டி.க்கு அடுத்தபடியாகக் கம்பெனியின் சேர்மன் நாற்காலியில் அமர்ந்தார். 1993-ல் அவர் விலகிய விதம் கசப்பானது. அது தொழிலாளரால் வந்ததல்ல, மேல்மாடித் தகராறு.