ஓவன் அடுப்பின் அடையாளங்களை அறிவோம்

நம் பங்கு இல்லங்களைச் சந்திக்கச் செல்லுங்கால், பல வீட்டுச் சமையலறைகளில் மின்சார ஓவன் இடம்பெற்றிருப்பதைக் காண்கின்றோம். அயல்நாட்டில் உழைக்கும் மகன் வாங்கித் தந்ததாகவோ, திருமண அன்பளிப்பாகவோ அது இருக்கும். ஆனால் அவற்றுள் பல, பூவேலை செய்த துணி போர்த்தப்பெற்று, வாளா கிடக்கின்றன. காரணம் வினவினால், “ஏதேதோ படம் போட்டிருக்கிறது, சாமி, எதைத் திருப்பினால் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது” என்கின்றனர் தாய்மார்.

இவ்வச்சம் தேவையற்றது. மொழி அறியாதவரும் புரிந்துகொள்ளட்டும் என்றே எழுத்துக்குப் பதிலாகப் படங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கூறும் செய்தி ஒன்றே: நெருப்பு எங்கிருந்து வருகிறது என்பது. நம் பாட்டிமார் இதனை நன்கறிவர். கிறிஸ்து பிறப்பு விழாவிற்குக் கேக் செய்யும்போது, மணல் பரப்பிய சட்டிக்குள் மாவுப் பாத்திரத்தை வைத்து மூடி, அடியிலும் மூடியின் மீதும் தணலிட்டனர். அடி கருகுமெனில் கீழ்த்தணலைக் குறைத்தனர்; மேற்புறம் சிவக்காவிடில் மேல்தணலைக் கூட்டினர். ஓவன் செய்வதும் இதுவே.

படத்தில் காணும் சதுரக் கட்டம் அடுப்பின் உட்கூட்டைக் குறிக்கும். கட்டத்தின் அடியில் ஒரு கோடு மட்டும் இருப்பின், கீழ்க்கம்பி சூடேறும். மேலே மட்டும் இருப்பின், மேற்கம்பி சூடேறும். இரு பக்கமும் கோடுகள் இருப்பின், இரு கம்பிகளும் சூடேறும். கேக், பிஸ்கட், ரொட்டி ஆகியவற்றிற்கு ஏற்றது இந்நிலையே. மேலே நெளிந்த கோடு காணப்பட்டால் அது ‘கிரில்’. மேலிருந்து கடுஞ்சூடு இறங்கும். மீனும் இறைச்சியும் வாட்டுவதற்கு அது நன்று. கேக்கை அந்நிலையில் வைத்தால் மேற்புறம் கருகும், நடுப்பகுதி வேகாது.

விசிறிப் படம் சூடான காற்று உள்ளே சுழல்வதைக் காட்டும். விசிறியைச் சுற்றி வட்டம் இருப்பின், விசிறியைச் சூழ்ந்துள்ள வளையக் கம்பி சூடேறும் எனக் கொள்க. காற்று சுழலும்போது வெப்பம் விரைவில் உணவைச் சேரும். ஆதலின் சமையற்குறிப்பில் கண்டதைவிட ஏறத்தாழ 20 டிகிரி குறைத்து வைத்தல் வேண்டும். விளக்கின் படம் உள்விளக்கை மட்டும் குறிக்கும். பனிப்பூவின் படம் உறைந்த உணவை இளக்குவதற்கானது. அடுப்புக்கு அடுப்பு சிறு வேறுபாடுகள் உண்டு. உடன் வரும் கையேட்டை எறியாது காத்தல் நலம்.

அடுத்து, வெப்ப அளவைக் காட்டும் திருகு. நம் நாட்டு ஓவன்களில் காணும் எண்கள் செல்சியஸ் அளவைச் சார்ந்தவை. ஆனால் சில சமையல் நூல்கள் பாரன்ஹீட்டில் கூறும். அங்ஙனமாயின் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும். 350 பாரன்ஹீட் என்பது ஏறத்தாழ 177 செல்சியஸ். பழங்கள் நிறைந்த கிறிஸ்துமஸ் கேக்கிற்கு 150 முதல் 160 டிகிரி செல்சியஸ் போதும். மாவை வைப்பதற்கு முன் 10 அல்லது 15 நிமிடம் வெற்று அடுப்பைச் சூடேற்றுக. வேகும்போது கம்பிகள் அணைந்து அணைந்து மீண்டும் சிவப்பது பழுதன்று. வெப்பத்தை ஒரே நிலையில் வைக்கும் தெர்மோஸ்டாட்டின் வேலை அது.

நேரத் திருகில் ஒரு செய்தி மிக முக்கியமானது. பல ஓவன்களில் அதன் ஒரு புறத்தில் ‘ஸ்டே ஆன்’ என்னும் நிலை உண்டு. அந்நிலையில் அடுப்பு தானே அணையாது. அவ்வாறு வைத்துவிட்டுத் திருப்பலிக்குப் புறப்படுதல் பேராபத்து. மின் இணைப்பையும் கவனிக்க வேண்டும். 6 ஆம்பியர் இணைப்பு 230 வோல்ட்டில் 1380 வாட் வரையே தாங்கும். அதற்கு மேற்பட்ட ஓவனுக்கு 16 ஆம்பியர் இணைப்பும் தக்க எர்த்தும் கட்டாயம் வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பில் அலை போன்ற கோடுகள் மட்டும் தோன்றினால் அது நுண்ணலைச் சமையல். அப்போது எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களை வைத்தலாகாது, தீப்பொறி பறக்கும். அதே அடுப்பை விசிறிப் படமுள்ள ‘கன்வெக்‌ஷன்’ நிலைக்கு மட்டும் மாற்றினால் விதி தலைகீழாகும்: கேக் தகரம் ஏற்கும், பிளாஸ்டிக் உருகிவிடும். பலரும் இடறுவது இங்கேதான்.

திருச்சபையின் மக்களாகிய நமக்கு அடையாளங்கள் புதியன அல்ல. நீரும் எண்ணெயும் ஒளியும் நம்மோடு பேசுகின்றன. திருவழிபாட்டுச் சடங்குகள் எளியனவாயும் மக்களின் அறிவுக்கு எட்டுவனவாயும் இருத்தல் வேண்டும் என 1963-ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் பணித்தது. பொருள் விளங்காத அடையாளம் அச்சத்தையே தரும் அன்றோ? சமையலறைக்கும் இது பொருந்தும்.

எனவே படித்த பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் நாம் ஒன்று கூற விழைகின்றோம். “இதுகூடத் தெரியாதா?” என்று தாயை நகைக்காதீர். ஒரு தாளில் ஒவ்வொரு படத்தையும் வரைந்து, அருகே தமிழில் பொருளை எழுதி, அடுப்பின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். முதல் முறை அவரோடு உடனிருந்து திருகுகளைத் திருப்பச் செய்யுங்கள். வீட்டு ஆண்களும் அத்தாளைப் படித்தல் நன்று. அடுப்பு பெண்களுக்கு மட்டும் உரியதன்று. தாய்மாரே, கேட்டறியத் தயங்காதீர். தணலின் அளவைக் கண்ணாலேயே கணித்த பாட்டிமாரின் மரபில் வந்த உங்களுக்கு, இரண்டு கோடும் ஒரு விசிறியும் அரிய பாடம் அல்ல. வரும் கிறிஸ்து பிறப்பு விழாவில், அத்துணி அகற்றப்பட்டு, உங்கள் கையால் வெந்த கேக் அண்டை வீட்டாரோடும் பகிரப்படுவதாக!