உயிருள்ள வால்வு எப்போது வரும்?

எங்கள் லேபர் கேம்ப் சந்தில் இட்லி வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவருடைய 19 வயது மகளுக்கு இருதயத்தில் மைட்ரல் வால்வு கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் மாலை பத்திரிகைத் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க ரயில்வே இன்ஜினியர். சொந்த உயிரணுவை வச்சே வால்வு செய்யுறாங்களாமே? உலோக வால்வுன்னா ஆயுசு பூரா மாத்திரை. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு. தேதியைத் தள்ளிப் போட்டுரட்டுமா?" என்று கேட்டார்.

நான் டிப்ளமோ படித்தவன்தான், டாக்டர் அல்ல. ஆனால் வால்வு எனக்குப் பழக்கமான விஷயம். போன தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது செக் வால்வு. இருதய வால்வும் இரத்தத்துக்கு அதே வேலையைத்தான் செய்கிறது, நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை!

உயிருள்ள வால்வு செய்வது நாற்று நடுவதைப் போன்றது. நாளடைவில் கரைந்துவிடும் பொருளாலோ, உயிரணுக்களைக் கழுவி நீக்கிய திசுவாலோ வால்வு வடிவில் ஒரு சட்டம் தயாரிக்கிறார்கள். அதுதான் வயல். நோயாளியின் இரத்தக் குழாயிலிருந்து எடுத்துப் பெருக்கிய உயிரணுக்கள்தான் நாற்று.

நடுவதற்குப் பல முறைகள் உண்டு. உயிரணுக் கரைசலைச் சட்டத்தின்மேல் சொட்டாக விட்டு ஊறவிடுவது எளிய முறை. அதில் மேற்பரப்பில் பிடிக்கும், உள்ளே இறங்காது. ஆகவே சட்டத்தைச் சுழலவிட்டு எல்லாப் பக்கமும் படியச் செய்கிறார்கள். இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்ற பசையில் உயிரணுக்களைக் கலந்து சட்டத்துக்குள் நிரப்புவது இன்னொரு முறை. பிறகு ஒரு கருவிக்குள் வைத்துத் திரவத்தை முதலில் மெதுவாகவும், பின்னர் படிப்படியாக வேகமாகவும் பாயவிடுகிறார்கள். வேலைக்குப் பழக்கினால்தான் திசு வலுப்பெறும்.

1995-இல் பாஸ்டனில் ஆட்டுக்குட்டிகளுக்கு இப்படிச் செய்த வால்வு இதழைப் பொருத்தினார்கள். 2000-இல் பெர்லினில், உயிரணு பதித்த வால்வு மனிதருக்கு வைக்கப்பட்டது. 2002-இல் மால்டோவா நாட்டில் இரண்டு சிறுவர்களுக்கு வைத்தார்கள். பிள்ளைகள் வளர வளர வால்வும் சேர்ந்து வளர்ந்தது.

சிக்கலும் உண்டு. நட்ட உயிரணுக்களே திசுவைச் சுருக்கி இழுப்பதால் வால்வு இதழ்கள் குட்டையாகி, இரத்தம் கசியலாம். மேலும் மேலே சொன்னவையெல்லாம் நுரையீரலுக்குச் செல்லும் வழியிலுள்ள வால்வுகள். அங்கே அழுத்தம் சுமார் 25. நண்பரின் மகளுக்குக் கெட்டிருப்பதோ 120 அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடப்பக்க வால்வு. பிரான்ச் லைனில் ஓடியதை மெயின் லைனில் விடுவதற்கு இன்னும் பல சோதனைகள் வேண்டும்.

"தேதியைத் தள்ளாதீர்கள்" என்றேன். உலோக வால்வும் சாதாரணமானதல்ல. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரத்தம் உறையாமலிருக்க அந்தப் பெண் தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள், தவறாமல் இரத்தப் பரிசோதனைக்கும் போகிறாள். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. கல்யாணமாகிக் குழந்தை வேண்டுமென்றால், கருத்தரிக்கும் முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும், ஏனெனில் அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வால்வு கெடுவது பெரும்பாலும் தொண்டைப் புண்ணில் தொடங்கி, மூட்டு வலியுடன் வரும் வாதக் காய்ச்சலால்தான். பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீடுகளில் அது எளிதில் பரவும். தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்குப் பென்சிலின் ஊசியை டாக்டர் சொன்ன கெடுப்படி, ஒரு தடவைகூடத் தவறாமல் போடுங்கள். உயிருள்ள வால்வு வரும்போது வரட்டும். பிறக்கும்போதே கூட வந்த வால்வை முதலில் காப்பாற்றுவோம்.