மூட்டை தூக்குபவரின் முதுகுவலி யார் கணக்கில்?

ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது நாம் சரக்கு இருப்பு எடுக்கிறோம். எலி கடித்த மூட்டை எத்தனை, ஈரம் பட்டுக் கெட்டது எத்தனை, எடை குறைந்தது எவ்வளவு என்று பைசா சுத்தமாக எழுதுகிறோம். தராசுக்கு முத்திரை போடுகிறோம். வண்டிக்கு எஃப்.சி. எடுக்கிறோம். ஆனால் அந்தச் சரக்கை இறக்கி, அடுக்கி, எடை போட்டு, வாடிக்கையாளர் கையில் கொடுக்கிறவர்களின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு நம் பேரேட்டில் ஒரு பக்கம்கூடக் கிடையாது.

"சம்பளம் கொடுக்கிறோம், தீபாவளிக்குத் துணியும் போனஸும் கொடுக்கிறோம், இதற்கு மேல் என்ன செய்வது?" என்று கேட்கும் வணிக அன்பர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. மளிகையில் லாபம் மெல்லியது. ஒருபுறம் பெரிய பல்பொருள் அங்காடி, மறுபுறம் கைபேசியில் கேட்டால் வீட்டு வாசலுக்கே பொருள் வரும் வியாபாரம். இந்த நெருக்கடியில் புதுச் செலவு என்றால் யாருக்கும் கசக்கத்தான் செய்யும். ஆனால் இங்கே சொல்லப் போகிறவற்றில் பாதிக்கு மேல் பணச் செலவே இல்லாதவை. மனசு வைத்தால் போதும்.

கருணாபுரம் கேட்ட கேள்வி

2024 ஜூன் 18, 19 தேதிகளைக் கள்ளக்குறிச்சிக்காரர் எவரும் மறக்க முடியாது. கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம் அரசு மருத்துவமனைகளிலும் புதுவை ஜிப்மரிலும் குடும்பங்கள் கதறியபடி நின்றன. இறந்தவர்களில் பலர் அன்றாடக் கூலிகள். முந்தைய ஆண்டு, 2023 மே மாதம், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதேபோல் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

காய்ச்சியவர் யார், விற்றவர் யார், கவனிக்கத் தவறியவர் யார் என்பதை விசாரிக்க அரசும் நீதிமன்றமும் இருக்கின்றன. வணிகர்களாகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உழைத்துச் சம்பாதித்த காசைக் கொண்டுபோய் ஒருவர் ஏன் விஷத்தில் போடுகிறார்? மூட்டை தூக்குகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "உடம்பு வலி தாங்கலைங்க, குடிச்சாத்தான் தூக்கம் வருது" என்பார்கள். இது முழுக் காரணம் அல்ல. குடிப்பழக்கம் ஒரு நோய், அதற்கு வேர்கள் பல. ஆனால் அந்த வலி பொய் அல்ல. வலியின் ஒரு பங்கு நம் மண்டி வாசலில், நம் சரக்கைத் தூக்குவதில் உண்டாவது. அந்தப் பங்குக்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூட்டையின் எடை

ஒரு காலத்தில் சர்க்கரை 100 கிலோ மூட்டையாக வந்தது. இன்று 50 கிலோவாக வருகிறது. அதனால் வியாபாரம் கெட்டுவிடவில்லை. ஆனால் நெல்லும் வேறு சில தானியங்களும் இன்னும் 75 கிலோ, அதற்கு மேலும் பிடிக்கிற சாக்குகளில் வருகின்றன.

தனி ஆள் தூக்கும் சுமைக்கு வரம்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் 127-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. அதனுடன் வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ என்ற அளவைச் சொல்கிறது. உடன்படிக்கையை இந்தியா 2010-இல் ஏற்றுக்கொண்டது.

"மூட்டையின் அளவு நம் கையிலா இருக்கிறது?" என்று சொல்லலாம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான அரிசிப் பைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும் என்ன நடந்தது? ஆலைகளிலிருந்து 26 கிலோ பை வந்து இறங்கியது. வரிக்காக மூட்டையின் எடையை மாற்றத் தெரிந்த வணிக உலகம், ஒரு மனிதனின் முதுகுக்காக மாற்றக் கூடாதா?

மாறும் வரை செய்யக்கூடியவை உண்டு. 50 கிலோவுக்கு மேற்பட்டதை இரண்டு பேராகத் தூக்கச் சொல்லுங்கள். லாரியிலிருந்து இறக்கச் சாய்வுப் பலகையும், கிடங்குக்குள் தள்ளு வண்டியும் வாங்கி வையுங்கள். கனமான சரக்கைக் கீழேயும் இலேசானதை மேலேயும் அடுக்குங்கள். சித்திரை வெயிலில் நடுப்பகலில் லோடு இறக்க வேண்டாம். குடிதண்ணீர்ப் பானை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

உட்கார ஒரு நாற்காலி

கடைக்குள் நிற்கிறவர்களின் வலி வேறு மாதிரி. காலை ஒன்பதுக்கு வந்த பெண் இரவு ஒன்பதுக்குக் கிளம்பும்வரை நின்றால் கால் நரம்பு சுருட்டிக்கொள்கிறது, பாதம் வீங்குகிறது. கழிப்பறை வசதி இல்லாத கடையில் தண்ணீர் குடிக்கவே பயந்து சிறுநீர்க் கோளாறை வாங்கிக்கொள்கிறார்கள். இந்தப் பாட்டைத்தான் 2010-இல் வந்த 'அங்காடித் தெரு' படம் நாடறியச் சொன்னது.

கோழிக்கோட்டில் விஜி என்ற தையல் தொழிலாளி 'பெண்கூட்டு' என்ற அமைப்பின் மூலம் உட்காரும் உரிமைக்காகப் போராடினார். கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வேண்டும் என்பதே அதன் சாரம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்குச் சட்டம் போட வேண்டி வந்ததே நமக்குக் கௌரவம் அல்ல.

அந்த 1947 சட்டத்தில் ஏற்கெனவே உள்ளவையும் நினைவில் இருக்கட்டும். நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. நான்கு மணி நேரத்துக்குப் பின் ஒரு மணி ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுமுறை. ஓராண்டு வேலை செய்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு.

முன்பணம் என்னும் கயிறு

கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் புளியும் தேனும் மட்டுமா கீழே வருகின்றன? வேலை தேடி இளைஞர்களும் வருகிறார்கள். அந்த மலை மக்களின் முன்னோர், 1976-இல் அரசு நிர்வாகம் ஏற்கும்வரை ஜாகிர்தார்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தவர்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-இல்தான்.

திருமணம், மருத்துவம், திருவிழா என்று ஊழியர் முன்பணம் கேட்பது இயல்பு. கொடுப்பது நல்ல குணம். ஆனால் அந்தக் கடனைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் நிறுத்துவது சட்டப்படி குற்றம். கடன் உள்ளவர் "இன்றைக்கு முடியவில்லை" என்று வாய் திறக்க மாட்டார். காய்ச்சலோடு மூட்டை தூக்குவார். ஆகவே முன்பணத்தைத் துண்டுச் சீட்டில் வைக்காமல், அவர் கையிலும் ஒரு நோட்டுக் கொடுத்து, மாதம் இவ்வளவு என்று தாங்கும் அளவில் பிடியுங்கள். கணக்கு தெளிவாக இருந்தால் உறவும் தெளிவாக இருக்கும்.

'கவனிப்பு' வேண்டாம்

இரவு லாரி வந்தால் "இறக்கிவிட்டுப் போங்கப்பா, கவனிக்கிறேன்" என்று குவார்ட்டருக்குக் காசு கொடுக்கும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. கூடுதல் வேலைக்குக் கூடுதல் கூலியும் ஒரு வேளைச் சாப்பாடும் கொடுங்கள். குடிக்குக் காசு கொடுத்துவிட்டு மறுநாள் "குடிகாரன்" என்று திட்டுவது எந்த ஊர் நியாயம்?

குடித்துவிட்டு வேலைக்கு வந்தவரை லோடு தொட விடாதீர்கள். ஆபத்து அவருக்கும் மற்றவருக்கும். பத்துப் பேர் முன்னால் ஏசாமல் வீட்டுக்கு அனுப்பி, தெளிந்தபின் தனியே பேசுங்கள். போதை மீட்புக்கு 14446 என்ற எண் இருக்கிறது. "சிகிச்சைக்குப் போய் வா, வேலை உனக்குத்தான்" என்ற ஒரு வார்த்தை மருந்தில் பாதி.

பொறுப்பு இரு பக்கமும் உண்டு. நேரத்துக்கு வருவது, விடுப்பை முன்கூட்டிச் சொல்வது, கல்லாவுக்கும் சரக்குக்கும் கணக்குச் சொல்வது ஊழியர் கடமை. யார் எந்த வேலைக்குப் பொறுப்பு என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதிச் சச்சரவு குறையும்.

பதிவு செய்து கொடுங்கள்

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு நம் பங்கு 3.25 சதவீதம், அவர் பங்கு 0.75 சதவீதம். சிறு கடைகளின் ஆட்களையும் சுமைப் பணியாளர்களையும் உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியலாம். 1989 முதல் நமக்கு வணிகர் நல வாரியம் இருக்கிறது. அவர்களுக்கும் ஒன்று இருக்கிறது என்று சொல்லித்தர வேண்டாமா? ஒரு நாள் விடுப்பும், விண்ணப்பத்தை நிரப்ப நம் கணக்குப்பிள்ளையின் அரை மணி நேரமும் போதும்.

"லோடுமேன் நம் ஆள் இல்லை, சங்கத்து ஆள்" என்று கடைசியாக ஒரு பதில் வரும். ஆள் சங்கத்தைச் சேர்ந்தவராக இருக்கலாம். மூட்டை நம்முடையது, வாசல் நம்முடையது. ஒரு கடை மட்டும் மாறினால் நிலைக்காது என்பதும் உண்மை. அதனால்தான் இதைச் சங்கத்தின் முன் வைக்கிறோம். 50 கிலோவுக்கு மேல் தனி ஆள் தூக்க வேண்டாம், குடிக்குக் காசு கொடுப்பதில்லை, எல்லாக் கடையிலும் இருக்கை என்ற மூன்றையும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக்கி, சுமைப் பணியாளர் சங்கத்தாரையும் அழைத்துப் பேசுவோம். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். நம் கடைக்குச் சுவர், அங்கே உழைக்கிறவர்களின் உடம்புதான்.