பாதரசம்

பாதரசம் அல்லது இதள் என்பது வெள்ளி போன்ற பளபளப்புடைய, அறை வெப்பநிலையில் நீர்மமாக இருக்கும் ஒரு மாழை (உலோகம்) ஆகும். இதன் அணுவெண் 80, அணுநிறை 200.59. தனிம அட்டவணையில் துத்தநாகம், கட்மியம் ஆகியவற்றுடன் 12-ஆம் நெடுங்குழுவில் இடம்பெறுகிறது. இதன் இலத்தீன் பெயருக்கு "நீர்வெள்ளி" என்று பொருள்.

அறை வெப்பநிலையில் நீர்மமாக உள்ள ஒரே மாழை பாதரசம் என்று பாடநூல்கள் கூறுவதுண்டு. அறை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தே இக்கூற்று சரியாகும். சீசியம் 28.5 பாகை செல்சியசிலும், காலியம் 29.8 பாகையிலும் உருகுகின்றன. கோடைக்கால நண்பகலில் நாகர்கோவிலில் இவ்விரண்டும் நீர்மமாகவே இருக்கும். எனினும் பாதரசத்தின் உருகுநிலையாகிய -38.83 பாகைக்கு வேறெந்த நிலையான மாழையும் அருகில்கூட வருவதில்லை.

நீர்மமாக இருப்பதற்கான காரணம்

பாதரச அணுவின் கருவில் 80 நேர்மின்னிகள் உள்ளன. இவ்வளவு வலிய கவர்ச்சியால் உள் எதிர்மின்னிகள் ஒளியின் விரைவில் பாதிக்கும் மேலான விரைவில் இயங்குகின்றன. இதனால் ஏற்படும் சார்பியல் விளைவு, வெளிக்கூட்டில் உள்ள இரண்டு எதிர்மின்னிகளையும் கருவை நோக்கி இழுத்து இறுக்கிவிடுகிறது. அவை பிற அணுக்களுடன் எளிதில் பகிரப்படாததால் அணுக்களுக்கு இடையேயான பிணைப்பு வலுவிழக்கிறது. 2013-இல் வெளியான ஒரு கணிப்பின்படி, சார்பியல் விளைவு இல்லையெனில் இதன் உருகுநிலை ஏறத்தாழ 105 பாகை கூடுதலாக இருந்திருக்கும். அதாவது பாதரசம் நம் கையில் ஒரு திண்மக் கட்டியாகவே கிடைத்திருக்கும்.

இயற்பியல் பண்புகள்

பாதரசத்தின் கொதிநிலை 356.7 பாகை செல்சியசு. அடர்த்தி நீரைப்போல் சுமார் 13.5 மடங்கு. இடுப்பில் சுமக்கும் பத்து லிட்டர் குடத்தில் பாதரசத்தை நிரப்பினால் அதன் எடை 135 கிலோவாகிவிடும். இரும்பு ஆணி இதில் மிதக்கும்; தங்கம் மூழ்கும்.

காற்றழுத்தத்தை அளக்கப் பாதரசம் பயன்பட்டது இந்த அடர்த்தியால்தான். கடல் மட்டத்தின் காற்றழுத்தம் நீரை ஏறத்தாழ 10.3 மீட்டர் உயரம் வரை தாங்கும். அப்படியொரு கருவியைப் படிக்க மாடி ஏற வேண்டும். பாதரசம் என்றால் 76 செ.மீ. போதும். கன்னியாகுமரிக் கடற்கரையில் 76 செ.மீ. காட்டும் பாரமானி, சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் ஏறத்தாழ 59 செ.மீ. மட்டுமே காட்டும்.

இதன் பரப்பு இழுவிசை நீரைப்போல் ஆறு மடங்குக்கும் அதிகம். ஆகவே இது கண்ணாடியை நனைப்பதில்லை. சிந்தினால் மணிமணியாக உருண்டோடித் தரையின் இடுக்குகளில் புகுந்துகொள்கிறது. வெப்பத்தால் ஏறக்குறைய சீராக விரிவடைவதும், கண்ணாடியில் ஒட்டாததும், கண்ணுக்கு எளிதில் புலப்படுவதும் சேர்ந்து இதை வெப்பமானிக்கு உகந்த நீர்மமாக்கின.

ஆவியாதல்

பாதரசத்தின் பண்புகளுள் பெரிதும் கவனிக்கப்படாதது இதுவே. கொதிநிலை மிக உயர்வாக இருந்தபோதிலும், சாதாரண வெப்பநிலையிலேயே பாதரசம் மெல்ல ஆவியாகிறது. அந்த ஆவிக்கு நிறமோ மணமோ இல்லை. 20 பாகை செல்சியசில் பாதரச ஆவியால் தெவிட்டிய ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 14 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். 30 பாகையில் இது இரு மடங்காகிறது. உலக நலவாழ்வு அமைப்பு காற்றுக்குப் பரிந்துரைத்த ஆண்டுச் சராசரி வரம்போ ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம். தெவிட்டிய காற்றில் இதைப்போல் பதினான்காயிரம் மடங்கு உள்ளது.

விழுங்கப்பட்ட நீர்மப் பாதரசத்தில் மிகச் சிறு பகுதியே குடலால் உறிஞ்சப்படுகிறது. மூச்சுடன் செல்லும் ஆவியிலோ சுமார் 80 விழுக்காடு நுரையீரல் வழியாகக் குருதியில் கலந்து, மூளையையும் சிறுநீரகத்தையும் அடைகிறது.

வேதியியல் பண்புகள்

நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலம், நீர்த்த கந்தக அமிலம் ஆகியவற்றுடன் பாதரசம் வினைபுரிவதில்லை. நைட்ரிக் அமிலத்தில் கரைகிறது. கந்தகத்துடன் சாதாரண வெப்பநிலையிலேயே கூடிச் சல்பைடாகிறது. காற்றில் சுமார் 350 பாகைக்குச் சூடாக்கினால் சிவப்பு ஆக்சைடு உருவாகும். மேலும் சூடாக்கினால் அது ஆக்சிசனை வெளியிட்டு மீண்டும் பாதரசமாகும். 1774-இல் பிரீசிட்லி ஆக்சிசனைப் பெற்றது இந்த ஆக்சைடிலிருந்துதான்.

தங்கம், வெள்ளி, வெள்ளீயம் முதலிய மாழைகளைக் கரைத்து இரசக்கலவையாக்குவது இதன் மற்றொரு பண்பு. இரும்பு இவ்வாறு எளிதில் கலப்பதில்லை என்பதால் வணிகத்தில் பாதரசம் 34.5 கிலோ கொள்ளும் இரும்புக் குடுவைகளில் விற்கப்பட்டு வந்தது.

சித்த மருத்துவ நூல்களில் வரும் இலிங்கம் பாதரச சல்பைடு ஆகும். வீரமும் பூரமும் பாதரசத்தின் இருவேறு குளோரைடுகள். இவற்றுள் வீரம் நீரில் கரையும் கொடிய நஞ்சு. அறை வெப்பநிலையில் திண்மமாக உள்ள "இரசமணி" தூய பாதரசமாக இருக்க இயலாது. பிற மாழை சேர்ந்த இரசக்கலவையே அவ்வாறு இறுகி நிற்கும்.

கொடைக்கானல் வெப்பமானி ஆலை

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாட்டர்டவுனில் இயங்கிய வெப்பமானி ஆலையொன்று 1980-களின் முற்பகுதியில் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. பாண்ட்சு நிறுவனத்தினுடைய இந்த ஆலை பின்னர் இந்துசுத்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஆலையின் எல்லையை அடுத்திருப்பது பாம்பாறு சோலைக்காடு.

2001 மார்ச்சில், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு சுமார் 7.4 டன் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கிடங்கொன்றில் இருப்பதை ஊர் மக்களும் கிரீன்பீசு அமைப்பும் வெளிக்கொணர்ந்தனர். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பல் வழியாக அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, கொடைக்கானல் ஏரியின் நீர், வண்டல், மீன் ஆகியவற்றில் பாதரசம் கலந்திருப்பதைப் பதிவு செய்தது. குளிர்ப் பகுதி என்பதால் ஆவியாதல் குறையுமே தவிர நின்றுவிடுவதில்லை.

பணியால் உடல்நலம் கெட்டது என்று முன்னாள் தொழிலாளர்கள் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். நிறுவனம் அதை மறுத்துவந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் மனிதநேய அடிப்படையில் உடன்பாடு கண்டது. நிலத்தைத் தூய்மையாக்க ஏற்கப்பட்ட அளவு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம். பிரித்தானியாவில் குடியிருப்பு நிலத்துக்கான வழிகாட்டு அளவு 1 மில்லிகிராம் என்பதைச் சுட்டி ஆர்வலர்கள் இதை எதிர்த்தனர்.

மீனும் பாதரசமும்

நீர்நிலைகளை அடையும் பாதரசத்தைச் சில நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இது சிறு உயிரிகளிலிருந்து பெரியவற்றுக்குச் செல்லச் செல்லச் செறிவு கூடுகிறது. ஆகவே சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களைவிடச் சுறா போன்ற பெருமீன்களில் பாதரசம் மிகுதியாகக் காணப்படும். சப்பானின் மினமாட்டாவில் 1956-இல் அறியப்பட்ட நோய் இவ்வழியே வந்தது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய பன்னாட்டு உடன்படிக்கை 2017 ஆகத்து 16 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் இதை ஏற்றுறுதி செய்தது.

வெப்பமானி உடைந்தால்

ஒரு மருத்துவ வெப்பமானியில் ஏறத்தாழ ஒரு கிராமுக்குட்பட்ட பாதரசம் உள்ளது. ஒரு கிராம் முழுதும் ஆவியானால், ஐந்து மீட்டர் நீள அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உடைய மூடிய அறையைத் தெவிட்டச் செய்யக் கிட்டத்தட்டப் போதும். ஆகவே சன்னல்களை முதலில் திறந்துவிட வேண்டும். விளக்குமாற்றால் பெருக்கினால் மணிகள் மேலும் சிறிதாகி ஆவியாகும் பரப்பு கூடும்; தூசுறிஞ்சி ஆவியைக் காற்றில் பரப்பும். இரண்டு தடித்த தாள்களால் மணிகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள புட்டியில் இட வேண்டும். எட்டாத இடுக்குகளில் கந்தகத் தூளைத் தூவினால் மேற்பரப்பில் சல்பைடுப் படலம் உண்டாகி ஆவியாதல் குறையும். இவற்றைச் செய்யுமுன் தங்க மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிடுவது நல்லது. பாதரசம் பட்ட இடம் வெளுத்துவிடும்.